1963இல் கட்டிய வீட்டுக்கு 14 கிலோவாட் ஹீட் பம்ப் தேவையா? ஈஎன் 12831 வெப்ப இழப்புக் கணக்கு

ரூர்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியின் ரூர் பகுதியில், 1963இல் கட்டப்பட்ட வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். ஒரு பக்கம் அயல் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. மற்றைய மூன்று பக்கங்களும் வெளியே திறந்தவை. வெளி அளவில் வீடு 7 மீற்றர் அகலமும் 9 மீற்றர் நீளமும் கொண்டது. இரண்டு தளங்கள், கீழே சூடாக்கப்படாத கெல்லர் (நிலக்கீழ் அறை), மேலே பொருட்கள் வைக்கும் பரண். வசிக்கும் பரப்பு 110 சதுர மீற்றர். சுவர்கள் காப்பு எதுவும் இல்லாத 24 சென்ரிமீற்றர் துளைச் செங்கல். யன்னல்கள் எண்பதுகளில் போட்ட இரட்டைக் கண்ணாடி. பரணின் தளத்துக்கு மட்டும் முன்னைய உரிமையாளர் காப்பு இட்டிருக்கிறார். சுடுநீரையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 21,000 கிலோவாட் மணி எரிவாயு செலவாகிறது.

எரிவாயுக் கொதிகலனை அகற்றி, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் பொருத்த விரும்பி ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டோம். அவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 110 சதுர மீற்றரை 125 வாட்டால் பெருக்கி, 14 கிலோவாட் இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். அரச ஊக்கத்தொகைக்கு டின் ஈஎன் 12831 (வெப்ப இழப்பைக் கணக்கிடும் ஐரோப்பிய நியமத்தின் ஜேர்மன் பதிப்பு) முறைப்படி அறை அறையாகக் கணக்கிட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது, அதில் எந்த எண்களை நான் கேள்வி கேட்கலாம் என்பதை விளக்கக்கூடியவர்கள் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

வைகைச்செல்வி எழுதியது:

வணக்கம். நெதர்லாந்தில் கட்டட இயற்பியல் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் நாட்டின் இணைப்பு ஆவணம் எங்களுடையதிலிருந்து வேறுபட்டாலும், அடிப்படை ஐரோப்பிய நியமம் ஒன்றே. ஈஎன் 12831 முதலில் 2003இலும், திருத்தப்பட்டு 2017இலும் வந்தது. கணக்கிடும் முறையை அது சொல்கிறது. குளிர்கால வெளி வெப்பநிலை, அறைகளின் வெப்பநிலை போன்ற எண்களை ஒவ்வொரு நாடும் தன் இணைப்பில் தருகிறது. ஜெர்மனியில் அந்த எண்கள் 2020இல் வெளியான டின் டிஎஸ் 12831-1 என்ற துணை ஆவணத்தில் இருக்கின்றன; அஞ்சல் குறியீட்டைக் கொண்டே உங்கள் ஊருக்கான வெளி வெப்பநிலையைப் பார்க்கலாம். இங்கே நான் −10 பாகை என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் குறியீட்டுக்கான எண் சற்று வேறாக இருந்தால் இறுதி விடையும் அதே விகிதத்தில் மாறும்.

நியமம் கேட்கும் கேள்வி எளிமையானது: வெளியே அந்தக் கடுங்குளிர் நீடிக்கும்போது, வெயிலும் இல்லை, வீட்டில் ஆட்களும் இல்லை என்ற நிலையில், உள்ளே 20 பாகையைத் தக்கவைக்க எத்தனை வாட் தேவை? வெப்பம் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. சுவர், கண்ணாடி, தளம் ஆகியவற்றின் ஊடாகக் கடத்தப்படுவது ஒன்று. காற்று மாறுவதால் போவது மற்றொன்று.

முதலில் சுவரை எடுத்துக்கொள்வோம். ஈஎன் ஐஎஸ்ஓ 6946 முறைப்படி, ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் அதன் கடத்துதிறனால் வகுத்தால் அந்த அடுக்கின் வெப்பத்தடை கிடைக்கும். 24 செ.மீ. செங்கலின் கடத்துதிறனை 0.5 என்று கொண்டால் தடை 0.48. உள் பூச்சும் வெளிப் பூச்சும் சேர்ந்து 0.04. சுவரின் உட்பரப்பை ஒட்டிய காற்றுக்கு 0.13, வெளிப்பரப்புக்கு 0.04. மொத்தம் 0.69. அதன் தலைகீழ்தான் யூ மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு பாகை வேறுபாட்டுக்கு இழக்கும் வாட்: 1.45. ஜெர்மன் அரசு பழைய கட்டடங்களுக்கு வெளியிட்டுள்ள பட்டியலில் 1958 முதல் 1968 வரையிலான கனச் சுவர்களுக்கு 1.4 என்றே இருக்கிறது. ஆகவே இந்த எண் நம்பத்தக்கது.

இனி வீடு முழுவதையும் பார்ப்போம். மூன்று வெளிப்பக்கங்களின் நீளம் 23 மீட்டர், சூடாக்கப்படும் உயரம் 5.5 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 126 சதுர மீட்டர். கதவும் சன்னல்களும் 22 சதுர மீட்டர் என்று வைத்தால், சுவர் 104. சுவர் வழியாக ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 151 வாட் போகிறது. சன்னல்களுக்கு யூ மதிப்பு 2.7 என்றால் 59 வாட். காப்பிட்ட பரண் தளம் 63 சதுர மீட்டர், யூ மதிப்பு 0.24; பரண் முழு வெளிக்குளிருக்கு இறங்காது என்பதால் 0.9 என்ற திருத்தக் காரணியைச் சேர்த்தால் 14 வாட். கெல்லர் கூரைக்கு யூ மதிப்பு 1.0 என்றும், சன்னல் உள்ள கெல்லர் என்பதால் காரணி 0.8 என்றும் கொண்டால் 50 வாட். ஒட்டிய வீட்டுப் பக்கத்துச் சுவரைச் சுழியமாக விட்டிருக்கிறேன்.

இதன் மேல் வெப்பப் பாலங்கள் வருகின்றன: சன்னல் ஓரங்கள், தளம் சுவரைச் சந்திக்கும் இடங்கள், மாடித் தட்டுகள் போன்றவை. இவற்றைத் தனித்தனியே கணக்கிடாவிட்டால் எல்லாப் பரப்பின் யூ மதிப்பிலும் 0.10 கூட்டுவது ஜெர்மன் வழக்கம். மேலே சொன்ன திருத்தக் காரணிகளோடு இங்கே அது 23 வாட். ஆக, கடத்தல் இழப்பு கெல்வினுக்கு, அதாவது ஒரு பாகை வேறுபாட்டுக்கு, 297 வாட்.

காற்றுக்கு: உள் கன அளவு 275 கன மீட்டர், மணிக்குப் பாதி முறை காற்று மாறுகிறது, ஒரு கன மீட்டர் காற்றைப் பாகைக்கு 0.34 வாட் மணி சூடாக்குகிறது. பெருக்கினால் 47 வாட்.

கூட்டினால் கெல்வினுக்கு 344 வாட். 30 பாகை வேறுபாட்டுக்கு 10.3 கிலோவாட். 14க்கும் இதற்கும் உள்ள இடைவெளி சிறியது அல்ல.

செப்புக்குழாய் எழுதியது:

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜேர்மனியில் வெப்பமூட்டிகள் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். வைகைச்செல்வி அக்காவின் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் வேலைத்தலத்தில் நிற்பவனின் நிலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செங்கலின் கடத்துதிறன் 0.5 என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வீட்டுக்காரர் குளியலறை குளிர்கிறது என்று தை மாதத்தில் அழைப்பாரே தவிர, இயந்திரம் பெரிதாக இருக்கிறது என்று எவரும் அழைத்ததில்லை. எரிவாயுக் கொதிகலன் காலத்தில் 24 கிலோவாட் பொருத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். அந்தப் பழக்கம்தான் இந்த 125 வாட்டிலும் தொடர்கிறது.

ஆனால் ஹீட் பம்பில் அந்தப் பழக்கம் உண்மையாகவே கெடுதல் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே 7 பாகை உள்ள ஒரு சாதாரண குளிர்கால நாளில் இந்த வீட்டுக்கு 344ஐ 13ஆல் பெருக்கினால் 4.5 கிலோவாட் வரும். ஆட்களும் வெயிலும் மின்கருவிகளும் தரும் வெப்பத்தைக் கழித்தால் 3 கிலோவாட்டே போதும். 14 கிலோவாட் இயந்திரங்களில் பலவற்றால் அந்த வெப்பநிலையில் அவ்வளவு கீழே இறங்கி ஓட முடியாது. ஆகவே அது இயங்கி நின்று, இயங்கி நின்று ஓடும். ஒவ்வொரு தொடக்கமும் அழுத்தியை (கம்ப்ரசரை) தேய்க்கிறது, மின்சாரத்தையும் கூடுதலாக எடுக்கிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதி இப்படியான நாட்களே.

ரூர்க்கரை தம்பிக்கு ஒரு முக்கியமான விடயம்: 2023இலிருந்து வெப்பமூட்டியை மாற்றும்போது அரச ஊக்கத்தொகை பெற, நீரோட்டச் சமநிலையை, அதாவது ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தேவையான அளவு நீர் போகும்படி சரிசெய்வதை, 'பி' என்ற நடைமுறைப்படி செய்ய வேண்டும். அதற்கு அறை அறையான வெப்பச் சுமைக் கணக்கு, அதாவது நாம் பேசும் இந்த ஈஎன் 12831 கணக்கு, கட்டாயம். எனவே அந்த நிறுவனம் எப்படியும் கணக்கைச் செய்துதான் ஆக வேண்டும். இயந்திரத்தைத் தேர்ந்த பிறகு காகிதத்துக்காகக் கணக்கு எழுதுவார்களா, கணக்கைப் பார்த்து இயந்திரத்தைத் தேர்வார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

தேம்சுக்கரை எழுதியது:

இலண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கும் ஹீட் பம்ப் பொருத்துவோர் ஈஎன் 12831ஐத் தழுவிய முறைப்படியே அறைவாரியாகக் கணக்கிடுகிறார்கள். கணக்கில் அளக்காமலே இடப்படும் இயல்பெண்கள் எவ்வளவு பாதிப்பை உண்டாக்கும் என்பதற்கு இந்த நாட்டுச் செங்கற் சுவர்களே சாட்சி. காப்பில்லாத கனச் செங்கற் சுவருக்கு யூ பெறுமானம் 2.1 என்று நீண்ட காலம் கணக்கிட்டு வந்தார்கள். உண்மையான வீடுகளின் சுவர்களில் கருவி பொருத்தி அளந்தபோது அதைவிடக் குறைவான பெறுமானங்கள் வந்தன. பின்னர் வீடுகளின் ஆற்றல் சான்றிதழ்க் கணக்கின் இயல்பெண் 1.7 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரே ஓர் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு.

ஜேர்மனியிலும் இதே போக்கு உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 3,400 ஜேர்மன் வீடுகளின் தரவுகளைப் பார்த்தார்கள். கணக்கிட்ட ஆற்றல் தேவையைவிட மக்கள் உண்மையில் செலவழித்தது சராசரியாக 30 விழுக்காடு குறைவு. அது ஆண்டு நுகர்வைப் பற்றிய ஆய்வு. உச்சச் சுமையைப் பற்றியது அல்ல. ஆனாலும் பழைய வீடுகளில் தாளும் நடைமுறையும் எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. எனவே ரூர்க்கரை தன் எரிவாயு அளவியைத் தானே வாசித்துக் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது என்பது என் கருத்து. என்னைக் கேட்டால் 10.3 கூட மிகை.

ரூர்க்கரை எழுதியது:

மிக்க நன்றி. கடந்த குளிர்காலத்தில் ஆற்றல் ஆலோசகர் ஒருவர் சொன்னதற்கிணங்க அளவியின் நாளாந்த வாசிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன். வெளியே நாட்சராசரி 0 பாகையை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ 130 கிலோவாட் மணியும், 10 பாகையை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ 50 கிலோவாட் மணியும் செலவாகியிருக்கின்றன. கோடையில் சுடுநீருக்கு மட்டும் நாளொன்றுக்கு 8. மாடியில் இரண்டு அறைகளை நாங்கள் 16, 17 பாகையில்தான் வைத்திருக்கிறோம். இவற்றிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வைகைச்செல்வி எழுதியது:

இது மிக மதிப்புள்ள தரவு. கொதிகலனின் செயல்திறனை 92 விழுக்காடு என்று கொள்வோம். 0 பாகை நாளில் 130இலிருந்து 8ஐக் கழித்து, 0.92ஆல் பெருக்கி, 24 மணியால் வகுத்தால் 4.7 கிலோவாட். 10 பாகை நாளில் அதே வழியில் 1.6 கிலோவாட். பத்துப் பாகைக்கு 3.1 கிலோவாட் கூடுகிறது. அதாவது வீடு கெல்வினுக்கு ஏறத்தாழ 307 வாட் இழக்கிறது. இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டை −10 வரை நீட்டினால் 7.7 கிலோவாட் கிடைக்கிறது.

இதைக் கண்டவுடன் நியமம் கால் பங்கு மிகையாகச் சொல்லிவிட்டது என்று தேம்சுக்கரை நண்பர் கருதக்கூடும். அந்த முடிவுக்கு வருமுன் கோட்டின் சாய்வையும் (கெல்வினுக்கு எத்தனை வாட்), அது சுழியத்தைத் தொடும் இடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நான் தாளில் கணக்கிட்ட சாய்வு 344. அளவியிலிருந்து வந்தது 307. வேறுபாடு பத்து விழுக்காடு அளவே. சுவரின் உண்மையான கடத்துதிறன் சற்றுக் குறைவாக இருந்தாலோ, காற்று மாற்றம் பாதி முறைக்கும் குறைவாக இருந்தாலோ இது வந்துவிடும். வீட்டின் கட்டுமானத்தைப் பொறுத்தவரை கணக்கும் அளவீடும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

மீதி வேறுபாடு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. உங்கள் கோடு 20 பாகையில் அல்ல, 15 பாகையை ஒட்டியே சுழியத்தைத் தொடுகிறது. வெளியே 15 பாகை இருக்கும்போதே வெப்பமூட்டி தேவையற்றதாகிவிடுகிறது. சமையல், குளிர்பெட்டி, ஆட்கள், சன்னல் வழியே வரும் வெயில், 16 பாகையில் விடப்பட்ட இரண்டு அறைகள் ஆகிய எல்லாம் சேர்ந்து ஐந்து பாகையை ஈடுசெய்கின்றன. 307ஐ ஐந்தால் பெருக்கினால் 1.5 கிலோவாட். நியமம் இதை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. மேகம் மூடிய வாரத்தில், வீட்டில் ஆள் இல்லாதபோதும், அந்த இரண்டு அறைகளையும் ஒரு நாள் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போதும் வீடு சூடாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே 7.7 என்பது நீங்கள் இப்போது வாழும் விதத்துக்கான எண், 10.3 என்பது யார் வந்து எப்படி வாழ்ந்தாலும் தாங்கும் எண். சாய்வை மட்டும் திருத்தினால், அதாவது 307ஐ 30 பாகையால் பெருக்கினால், 9.2 வருகிறது. எனக்கு இந்த 9.2தான் நேர்மையான விடையாகத் தோன்றுகிறது.

தேம்சுக்கரை எழுதியது:

சாய்வையும் தொடுமிடத்தையும் பிரித்துப் பார்க்கும் இந்த விளக்கம் எனக்குப் புதியது; ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். வடிவமைப்பு வெப்பநிலைக்கும் (இங்கே −10) கீழான நேரம் ஆண்டில் மிகச் சொற்பம். அந்தச் சில மணிகளுக்கு இயந்திரத்தோடு வரும் மின் சூடாக்கிக் கம்பியே போதாதா? அப்படியானால் 9.2ஐயும் முழுவதுமாக ஹீட் பம்பே தர வேண்டும் என்று ஏன் கொள்ள வேண்டும்?

செப்புக்குழாய் எழுதியது:

கொள்ளத் தேவையில்லை. −7 பாகையில் முழுச் சுமையையும் தரக்கூடிய இயந்திரம் இந்த வீட்டுக்குப் போதும். அங்கே 27 பாகை வேறுபாட்டுக்கு 8.3 கிலோவாட். அதற்குக் கீழே கம்பி சிறிது உதவும். அது ஆண்டு முழுவதற்கும் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாகவே இருக்கும். விற்பனைப் பெயரில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். "8" என்றோ "10" என்றோ பெயரிட்ட இயந்திரம் −7 பாகை வெளிக்காற்றிலும் 55 பாகை நீரிலும் எத்தனை கிலோவாட் தருகிறது என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நல்ல வானிலைக்குச் சொல்லும் எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாக இருப்பது அரிது.

இனி நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். வீடு முழுவதற்குமான எண் இயந்திரத்தைத் தேர்வதற்கு. ரேடியேட்டரைத் தேர்வதற்கு ஒவ்வோர் அறைக்குமான எண் வேண்டும். அறைகளின் எண்களைக் கூட்டினால் வீட்டின் எண்ணைவிடக் கூடுதலாக வரும். அதைக் கண்டு யாரும் குழம்ப வேண்டாம். காற்று வீசும் பக்கத்து அறைக்குள் குளிர்காற்று நுழைகிறது, மறுபக்கத்து அறையால் வெளியேறுகிறது. எந்த அறையும் காற்றடிக்கும் பக்கமாக இருக்கக்கூடும் என்பதால் அறைக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் அது சேர்க்கப்படும். ஆனால் ஒரே நேரத்தில் எல்லா அறைகளுக்கும் அது நேராது. குளியலறையிலிருந்து பக்கத்து அறைக்குக் கசியும் வெப்பமும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. சில நிறுவனங்கள் அறைகளின் கூட்டுத்தொகையை எடுத்து, அதன் மேல் பத்து விழுக்காடு பாதுகாப்பும் சேர்த்து இயந்திரத்தைத் தேர்கின்றன. மிகை பெரும்பாலும் அங்கேதான் புகுகிறது.

தம்பி, உங்கள் குளியலறை எந்த மூலையில் இருக்கிறது? அளவு என்ன?

ரூர்க்கரை எழுதியது:

மாடியில், வடகிழக்கு மூலையில் அண்ணா. இரண்டு வெளிச் சுவர்கள். வெளி அளவில் 2.4க்கு 2.6 மீற்றர். ஒரு சதுர மீற்றர் யன்னல். இப்போது அங்கே இருப்பது துவாய் காயப்போடும் ஏணி வடிவ ரேடியேட்டர்.

செப்புக்குழாய் எழுதியது:

நான் அஞ்சியது போலவே இருக்கிறது. ஜேர்மன் இணைப்பு குளியலறைக்கு 24 பாகை கேட்கிறது. ஆகவே வெளியோடு வேறுபாடு 34. வெளிச்சுவர் 12.75 சதுர மீற்றர், யன்னல், பரண் தளம், வெப்பப் பாலம் எல்லாம் சேர்ந்து கெல்வினுக்கு 24 வாட்டுக்குச் சற்றுக் கூடுதல். அது 830 வாட். பக்கத்து அறைகளுக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறத்தாழ 130. காற்றுக்கு 80. மொத்தம் 1,040 வாட். சதுர மீற்றருக்கு 125 வாட் என்று கணக்கிட்ட நிறுவனம் இந்த ஆறு சதுர மீற்றருக்கு 750 வாட் என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு மிகையாகவும் குளியலறைக்குக் குறைவாகவும் ஒரே விதி விடை தருகிறது.

ரேடியேட்டர்ப் பட்டியலில் உள்ள எண் ஈஎன் 442 முறைப்படி, 75 பாகையில் நீர் போய் 65இல் திரும்பி, அறை 20இல் இருக்கும்போது கிடைப்பது. நீரை 55, 45 என்று இறக்கினால் 20 பாகை அறையில் அதில் பாதிதான் கிடைக்கும். 24 பாகைக் குளியலறையில் 43 விழுக்காடு. 1,040 வாட்டுக்குப் பட்டியலில் 2,400 வாட்டுக்கு மேல் உள்ள ரேடியேட்டர் வேண்டும். அந்தச் சிறிய அறையில் அதற்குச் சுவர் இடமே இருக்காது. இந்த ஒரு அறைக்காக வீடு முழுவதும் நீரின் வெப்பநிலையை ஏற்றிவிட்டால், ஹீட் பம்பின் செயல்திறன் ஆண்டு முழுவதும் விழும்.

ஆகவே இயந்திரத்தின் அளவைப் பற்றிப் பேசுமுன், இந்த அறையை என்ன செய்வது என்று முடிவெடுங்கள். உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 22 பாகை என்று கணக்கிடலாம். அல்லது குளிக்கும் நேரத்துக்கு மட்டும் சிறிய மின் சூடாக்கி வைக்கலாம். அல்லது சுவரைக் காப்பிடலாம்.

வைகைச்செல்வி எழுதியது:

சுவரைக் காப்பிடுவது பற்றிய எண்களையும் சேர்க்கிறேன். கடத்துதிறன் 0.035 உள்ள 14 செ.மீ. பலகை 4.0 தடையைச் சேர்க்கிறது. யூ மதிப்பு 1.45இலிருந்து 0.21க்கு இறங்கும். பழைய சுவரைத் திருத்தும்போது ஜெர்மன் கட்டட ஆற்றல் சட்டம் 0.24 கேட்கிறது, ஊக்கத்தொகை வேண்டுமானால் 0.20, அதற்கு இன்னும் சற்றுத் தடிப்பான பலகை தேவைப்படும். தாள் கணக்கின்படி இது மட்டுமே 3.9 கிலோவாட்டைக் குறைக்கிறது, 10.3 என்பது 6.4 ஆகிறது. குளியலறை 1,040 வாட்டிலிருந்து 500க்கு வந்துவிடும்.

ஆனால் செலவையும் சாரம் கட்டும் வேலையையும் எண்ணிப் பார்த்தால், இந்த ஆண்டே செய்யக்கூடியது கெல்லர் கூரை. எட்டு செ.மீ. பலகையைக் கீழிருந்து ஒட்டினால் யூ மதிப்பு 1.0இலிருந்து 0.30க்கு வரும், ஒரு கிலோவாட் மிச்சமாகும், தரையும் காலுக்குக் குளிராது. கெல்லரின் தலைக்கு மேல் உயரம் போதுமா, குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரை அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் காப்பிடும் எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். இருந்தால், கெல்லர் கூரைக்குப் பிறகான நிலைக்கு, அதாவது 8 கிலோவாட்டை ஒட்டி, நன்றாகக் கீழே இறங்கி ஓடக்கூடிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்; சுவர் முடியும்வரை கடுங்குளிர் நாட்களில் கம்பி உதவட்டும். இல்லையென்றால் 9ஐ ஒட்டியது. எந்த நிலையிலும் 14க்கு வழியே இல்லை.

ரூர்க்கரை எழுதியது:

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கெல்லர் கூரையை இந்தக் கோடையில் செய்கிறோம். சுவரை, கடன் முடிந்த பிறகு, கட்டாயம் செய்ய எண்ணியிருக்கிறோம். நிறுவனத்திடம் அறைவாரிக் கணக்கின் முழுப் படியையும், ஒவ்வொரு பரப்புக்கும் இட்ட யூ பெறுமானங்களையும், −7 பாகைக்கான இயந்திர அட்டவணையையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னொரு கேள்வி மட்டும். அவர்கள் அனுப்பிய மாதிரிக் கணக்கில் "மீண்டும் சூடாக்கும் கூடுதல்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் அறைக்கு அறை நூற்றுக்கணக்கான வாட் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது என்ன?

செப்புக்குழாய் எழுதியது:

இரவில் வெப்பத்தைக் குறைத்துவிட்டு, காலையில் விரைவாக மீண்டும் ஏற்றுவதற்கான கூடுதல் வலு அது. வீட்டுக்காரரோடு பேசி ஒப்புக்கொண்டால் மட்டுமே சேர்க்க வேண்டியது. பெரிய கொதிகலன் காலத்து வழக்கம். ஹீட் பம்பை இரவும் பகலும் ஒரே சீராக மெதுவாக ஓடவிடுவதே நல்லது, குறைத்தாலும் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் வேண்டாம். இரவுக் குறைப்பு வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, அந்த வரியில் எல்லா அறைகளுக்கும் பூச்சியம் இடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் கணக்கை இங்கே போடுங்கள் தம்பி, அறை அறையாகச் சேர்ந்து பார்ப்போம்.